கடைசி வேனின் புள்ளி

அந்த ஞாயிற்றுக்கிழமை பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு வேலையை முடித்துவிட்டு நேராகப் பாடாங் திடலுக்கு வந்தேன். தீவைச் சுற்றி வரும் சைக்கிள் பந்தயம். பெயர்தான் பந்தயம். வந்தவர்களில் பாதிப் பேர் டாக்டர் பயமுறுத்திய பிறகு சைக்கிள் வாங்கியவர்கள். அவர்களோடு போகும் துணை வண்டிகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்துச் சொல்வது எங்கள் அமெச்சூர் வானொலிக் குழுவின் பொறுப்பு. ஆம்புலன்ஸ், தண்ணீர் லோரி, சைக்கிள் பழுது பார்ப்பவர்களின் பிக்கப், எல்லோருக்கும் பின்னால் ஊர்ந்து வந்து முடியாதவர்களை ஏற்றிக்கொள்ளும் வேன். ஒவ்வொன்றிலும் சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவி வைத்திருந்தோம். அது தன் இருப்பிடத்தை அடிக்கடி வானொலி வழியாக அனுப்பும். என் மடிக்கணினி வரைபடத்தில் ஒரு புள்ளி நகரும். கூடாரத்தில் உட்கார்ந்து அந்தப் புள்ளிகளைப் பார்ப்பதுதான் என் வேலை. கண் எரிந்தது. கோப்பி குடித்தும் எரிந்தது.

என் கணவர் மலை மேல் இருந்தார். தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் பூலாவுக்கு ஏறி இறங்கும் சாலையில் பல வளைவுகளில் கைப்பேசி வேலை செய்யாது. எங்கள் கருவிகள் அனுப்புவதும் மலையைத் தாண்டி எட்டாது. அதனால் உச்சியில் ஒருவர் காரை நிறுத்தி, கீழிருந்து வருவதை வாங்கி எங்கள் பக்கம் மறுபடி அனுப்ப வேண்டும். வெயிலிலும் கொசுவிலும் நாள் முழுக்க உட்காரும் அந்த வேலையை அவர்தான் கேட்டு வாங்கிக்கொண்டார்.

வானொலி அவருடைய பைத்தியம். கல்யாணமான புதிதில், துறைமுகத்திலிருந்து வேலை முடிந்து வந்தால் பின்னறைக்குள் போய்விடுவார். அங்கே யாரிடம் இவ்வளவு பேசுகிறார் என்று தெரிந்துகொள்ளத்தான் நானும் பரீட்சை எழுதி உரிமம் வாங்கினேன். பிறகு மகள் பிறந்தாள். அவள் இருந்தவரை வீட்டில் பேச்சுக்குக் குறைவில்லை. மெல்பர்னில் வேலை கிடைத்து அவள் போனதும், எங்கள் இருவருக்கும் பேச ஒன்றும் இல்லாமல் போயிற்று. சண்டை கிடையாது. சண்டை இருந்தாலாவது ஒரு விறுவிறுப்பு இருக்கும். எனக்கு இரவு வேலை, அவருக்குப் பகல் வேலை. அடுப்படியில் எதிரெதிரே பட்டால் ஒதுங்கி வழிவிட்டுக்கொள்வோம். வானொலியில் மட்டும், கூப்பிட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

உச்சி வெயில் தாண்டியபோது முக்கால்வாசிப் பேர் வந்து சேர்ந்து, கழுத்தில் பதக்கத்தோடு நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசி வேனின் புள்ளி மட்டும் இன்னும் தெலுக் பஹாங் அணைக்கட்டைத் தாண்டவில்லை. அந்த வேனை ஓட்டியவர் அறுபதைக் கடந்த ஒரு அண்ணன். வாரநாளில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறவர். அவருக்கு வானொலி உரிமம் இல்லாததால் கைப்பேசிதான். மலை ஏறுவதற்கு முன்பு அழைத்தார்.

"அக்கா, முன்னால ஒரு சீன ஆண்டி போறாங்க. ஏறுங்கன்னா ஏற மாட்றாங்க lah. கையக் காட்டி, போ போங்கிறாங்க. நான் எங்க போறது? அவங்களுக்குப் பின்னால போறதுதானே என் வேலை!"

"சைக்கிள்ல இருந்து இறங்கித் தள்ளுறாங்களா, அண்ணே?"

"பாதி தூரம் தள்ளுறாங்க, பாதி தூரம் மிதிக்கிறாங்க. பசிக்குது அக்கா. இனிமே லைன் கிடைக்காது, வெச்சிடுறேன்."

இதை மலை உச்சிக்குச் சொன்னேன். கணவரின் குரல் இரைச்சலோடு வந்தது. "சரி. அப்ப நானும் இங்கயேதான். ஓவர்." அந்தச் 'சரி'யில் இருந்த அலுப்பு எனக்குத் தெரிந்த அலுப்பு. ஒரு பெண்மணி வேனில் ஏற மறுத்ததால் அந்த அண்ணன் நகர முடியாது. அவர் நகராததால் என் கணவர் நகர முடியாது. அவர் இருக்கும்வரை நானும் எழ முடியாது. முகம் தெரியாத அந்தப் பெண்மணி மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. ஏறித் தொலைத்தால் என்ன?

புள்ளி ஊர்ந்தது. பிறகு ஒரு வளைவில் நின்றது. அவர் இறங்கித் தள்ளும்போதெல்லாம் வேனும் நிற்பது வழக்கம் என்பதால் முதலில் பெரிதாக நினைக்கவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தேன். அதே இடம். ஏற்பாட்டாளர் தரப்பிலிருந்து ஒருவர் வந்து கூடாரத்தைப் பிரிக்கலாமா என்று கேட்டார்.

"ஆண்டி, ரோடு திறந்தாச்சு. எல்லாரும் வீட்டுக்குப் போயாச்சு. வேன்காரர் அவரே வந்துடுவார் lah."

"வந்ததும் பிரிங்க, தம்பி. அதுவரைக்கும் இந்த மேசை இங்க இருக்கட்டும்."

அவர் முகம் சுளித்துக்கொண்டு சுற்றியிருந்த நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தார். நான் கணவரைக் கூப்பிட்டேன். கீழே இறங்கிப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். அவர் இறங்கினால் அவருடைய காரோடு சேர்ந்து அந்தப் புள்ளியும் என் திரையிலிருந்து போய்விடும் என்பது இருவருக்கும் தெரியும். பதில் சொல்ல வாயெடுத்தவர், "இரு, இரு, யாரோ வர்றாங்க" என்றார்.

வந்தது அந்தப் பெண்மணிதான். தனியாக, சைக்கிளில், எழுந்து நின்று மிதித்துக்கொண்டு. மூச்சு வாங்க வாங்க அவர் சொன்னதைக் கணவர் எனக்குச் சொன்னார். மெதுவாகவே ஊர்ந்து ஊர்ந்து வேன் சூடேறி, ரேடியேட்டரிலிருந்து புகை வந்திருக்கிறது. அண்ணன் அவசரத்தில் மூடியைத் திறந்துவிட்டார். கொதிநீர் பீறிட்டு வலது கை முழுக்கக் கொட்டிவிட்டது. கைப்பேசிக்கு லைன் இல்லை. ஆண்டி தன்னிடம் இருந்த தண்ணீர் முழுவதையும் அவர் கையில் ஊற்றி, நிழலில் உட்கார வைத்துவிட்டு, உதவி கேட்க மேலே கிளம்பியிருக்கிறார். உச்சியில் ஏரியல் வைத்த கார் ஒன்று நிற்கும் என்று காலையில் புறப்படும்போது சொன்னது அவருக்கு நினைவிருந்தது.

தூக்கம் எங்கே போனதென்று தெரியவில்லை. வரைபடத்தைப் பார்த்தேன். ஆம்புலன்ஸ் பாயான் லெப்பாஸ் பக்கம் வந்துவிட்டது. திரும்பிப் போக நேரமாகும். பழுது பார்ப்பவர்களின் பிக்கப் பாலிக் பூலாவில் நின்றது.

"ஆம்புலன்ஸ் தூரத்துல இருக்கு. நீங்களே அவரை ஏத்திக்கிட்டு பாலிக் பூலாவ் ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. பிக்கப்ப மேல அனுப்புறேன், அந்த அம்மாவுக்கும் வேனுக்கும்."

"அப்ப உனக்கு ஒண்ணும் தெரியாதே?"

"தெரியாட்டி பரவால்ல. போங்க."

"அந்த அம்மா இங்கயே இருக்கேங்கிறாங்க. என்னைப் போகச் சொல்லித் துரத்துறாங்க. சரி, நான் இறங்குறேன். ஓவர்."

அதற்குப் பிறகு வேனின் புள்ளி வெளிறி மறைந்தது. பிக்கப்பில் இருந்தவர்களுக்குச் செய்தி சொன்னேன். அவர்களுடைய புள்ளி பாலிக் பூலாவிலிருந்து மலைப்பக்கம் ஏறி, அதுவும் மறைந்தது. மலைச்சாலை இருந்த இடத்தில் பச்சை நிறம் மட்டும் மிஞ்சியது. கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளி விட்டு அவருடைய அழைப்புக் குறியைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தேன். இரைச்சல்தான். கூடாரத்தின் மூன்று பக்கத் துணியையும் கழற்றிவிட்டார்கள். கடல்காற்று என் தாள்களைத் தூக்கியது. அவர் இறங்கும் வேகத்தையும் அந்த வளைவுகளையும் நினைத்துப் பயந்தேன். அவருக்காக இப்படிப் பயந்து எத்தனை காலமாயிற்று என்று யோசித்தேன், நினைவுக்கு வரவில்லை.

கடைசியில் குரல் வந்தது. பாலிக் பூலாவிலிருந்து, கொடிமலை மேல் இருக்கும் வானொலிக் கோபுரம் வழியாகத் தெளிவாக வந்தது.

"உள்ள அனுப்பிட்டேன். தோல் உரிஞ்சிருக்கு, கட்டுப் போடுறாங்க. பயமில்லன்னு சொல்றாங்க." ஆனால் 'ஓவர்' என்று முடிக்கவில்லை. "அவர் சத்தம் காதுலயே இருக்கு. வண்டியிலயே அவர் அப்படிக் கத்துனாரு. நீ ஏதாவது பேசிக்கிட்டு இரு" என்றார்.

எங்கள் குழுவில் எத்தனை பேர் கேட்டுக்கொண்டிருந்தார்களோ தெரியாது. என்ன பேசுவது? எங்களுக்குத்தான் பேச ஒன்றும் இல்லையே. கண் முன்னால் இருந்ததைப் பேசினேன். தண்ணீர் லோரி ஜெலுத்தோங் கிட்ட ஜாம்ல நிக்குது. ஆம்புலன்ஸ் பாலம் தாண்டிடுச்சு, இங்கதான் வருது. பிக்கப் இன்னும் தெரியல. இருங்க, தெரியுது, மலையில இருந்து இறங்குது, உங்க பக்கம்தான் வருது, மெதுவாத்தான் வருது. அவர் நடுநடுவே "ம்" என்றார். யாரும் குறுக்கே பேசவில்லை.

வேனை அங்கேயே விட்டுவிட்டு, பிக்கப் அந்தப் பெண்மணியைச் சாயங்காலம் திடலுக்குக் கொண்டுவந்தது. மலையிலிருந்து பாலிக் பூலாவ் வரை அவர் சைக்கிளில்தான் இறங்கினாராம். பிக்கப் பின்னால் வந்திருக்கிறது. அங்கே இறங்கி, மலாயில் "சுடா லா", போதும் என்று சொல்லி, அவராகவே சைக்கிளைத் தூக்கிப் பின்னால் போட்டிருக்கிறார். ஒல்லியான உடம்பு, முழங்காலில் பழைய அறுவைச் சிகிச்சையின் தழும்பு. பதக்க மேசை எப்போதோ போய்விட்டது. அவர் அதைத் தேடவும் இல்லை. வேன் அங்கிள் எப்படி இருக்கிறார் என்று மலாயில் கேட்டார். சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்து போனார். மதியம் அவர் மேல் வந்த கோபத்தைப் பற்றி ஏதாவது சொல்லத் தோன்றியது. அதற்குள் அவர் எதிர்ப்பக்கம் சேர்ந்துவிட்டார்.

அண்ணனின் மகன் ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு என் கணவர் கிளம்பி வந்தார். ஏரியல் கம்பத்தை இருவரும் சேர்ந்து இறக்கிக் காரில் கட்டினோம். குர்னி சாலை முழுக்க நெரிசல். அவர் ஓட்டிக்கொண்டே பேச ஆரம்பித்தார். வளைவில் அந்த அண்ணன் கையைத் தூக்கிப் பிடித்தபடி மரத்தின் வேர் மேல் உட்கார்ந்திருந்தது, வழி முழுக்கப் பள்ளிப் பிள்ளைகளை நாளைக்கு யார் ஏற்றுவது என்று புலம்பியது, சைக்கிள் அம்மா கார்க் கதவைத் தட்டித் தட்டி விரட்டியது. இவ்வளவு நீளமாக அவர் என்னிடம் பேசி வருடக்கணக்காகிவிட்டது. கேட்க வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் தலை ஜன்னலில் சாய்ந்துகொண்டே போயிற்று.

கண் விழித்தபோது கார் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தது. அவர் இஞ்சினை அணைக்காமல், குளிர்சாதனத்தை என் பக்கம் திருப்பிவிட்டு உட்கார்ந்திருந்தார்.