ஆரு சமாதானம் பறையும்?

எங்கள் ஊரில் சமாதானம் என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. ஆலயத்துக்குள் அது தமிழ். கர்த்தர் தருவது, இருதயத்தை நிரப்புவது, ஆராதனை முடிந்து வாசலில் நின்று போதகர் சொல்லி அனுப்புவது. படி இறங்கி பாறசாலை ரோட்டுக்கு வந்துவிட்டால் அதே சொல் மலையாளம். பஸ் உரசி பைக்கின் ஹேண்டில் வளைந்துவிட்டால், பைக்குக்காரன் டிரைவரின் ஜன்னலுக்கு நேராக நின்று கத்துவான்: "இதினு ஆரு சமாதானம் பறையும்?" இதற்கு யார் பதில் சொல்வது, யார் பொறுப்பு என்று அர்த்தம். அவன் அங்கே நின்று மன அமைதி கேட்கவில்லை.

இரண்டு மொழியிலும் சண்டை போட்டு வளர்ந்த எங்களுக்கு இதில் குழப்பமே வந்ததில்லை. எந்த இடத்தில் எந்த அர்த்தம் என்று நாக்குக்கே தெரியும். குழப்பம் வந்தது ஒரே ஒரு நாள், எங்கள் வீட்டு முன்னறையில், என் அக்கா விஷயத்தில்.

அக்காவைப் பெருங்கடவிளையில் கட்டிக் கொடுத்திருந்தோம். அத்தானுக்கு ரப்பர் ஷீட் வியாபாரம். பாடகர் குழுவில் நல்ல குரல். அங்குள்ள சபைக்கும் எங்கள் சபைக்கும் ஒரே போதகர் என்பதால், திருவிருந்து ஞாயிறுகளில் எல்லோரும் எங்கள் ஆலயத்துக்குத்தான் வருவார்கள். குடும்ப வாட்சப் குழுவில் தினமும் விடியும் முன்னால் வசனம் போடுவதும் அத்தான்தான். ரோஜாப்பூ, இதழில் ஒரு பனித்துளி, அதன்மேல் வசனம். அம்மா கண்ணைத் திறந்ததும் கண்ணாடியைத் தேடி அதைப் பார்த்து, கைகூப்பும் படம் ஒன்றைத் திருப்பிப் போட்ட பிறகுதான் காபிக்குத் தண்ணீர் வைப்பார். இப்படி ஒரு மருமகன் யாருக்குக் கிடைப்பான் என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொள்ள அம்மாவுக்கு அது ஒன்று போதுமானதாக இருந்தது.

அத்தான் படித்தது முழுக்க மலையாளத்தில். தமிழ் வேதத்தை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். அக்காவுக்குத் தமிழ் சரளம். ஆனாலும் வீட்டில் குடும்ப ஜெபத்துக்கு வாசிப்பது அவர்தான், குடும்பத் தலைவர் அல்லவா. அன்று மாலை மலைப் பிரசங்கம். சாந்தகுணமுள்ளவர்கள் பாக்கியவான்கள் என்று இருப்பதை அவர் "சொந்தகுணமுள்ளவர்கள் பாக்கியவான்கள்" என்று வாசித்தார். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சொந்தம் இல்ல, சாந்தம்" என்று திருத்தினாள். பிள்ளைகளும் சிரித்தார்கள்.

அத்தான் மிச்ச வசனங்களை வாசித்தார். முழங்கால் போட்டு, வியாபாரத்துக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் அமெரிக்காவில் இருக்கும் தன் தம்பிக்கும் சேர்த்து நீளமாக ஜெபித்தார். ஆமென் சொன்னார். அதன் பிறகுதான் எழுந்து வந்து அக்காவின் இடது கன்னத்தோடு சேர்த்துக் காதில் அறைந்தார். ஜெபத்துக்கு நடுவில் அடிக்கவில்லை, அவ்வளவு பக்தி. சொந்த குணம் இன்னதென்று அன்றைக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை வழக்கம்போல ரோஜாப்பூ வந்தது. அது அன்பைப் பற்றிய வசனம். அம்மா கைகூப்பினார். மத்தியானம் அக்கா ஷாலை காதோடு இறுக்கிச் சுற்றிக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள்.

நெய்யாற்றின்கரையில் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். செவிப்பறை கிழிந்திருக்கிறது, ஆறிவிடும், ஆனால் இன்னொரு அடி தாங்காது என்று டாக்டர் சொன்னார். திரும்பும் வழியில் ஸ்டேஷனுக்குப் போகலாம் என்றேன். அக்கா யோசித்தாள். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்போம் என்றாள். அங்கேதான் காரியம் கெட்டது.

"போலீசா? எனக்க மக்கா, நாளைக்கு நான் சபையில எப்பிடி முகம் காட்டுவேன்?" என்றார் அம்மா. மகளின் முகத்தில் விரல் தடம் இருந்தது. அம்மாவுக்குத் தன் முகம்தான் கவலை.

சனிக்கிழமை போதகர் வந்தார். அவருடன் சபைக் கமிட்டி செயலாளர். அவர்களுக்குப் பின்னால் அத்தான், வெள்ளைச் சட்டையும் கக்கத்தில் வேதமுமாக. போதகர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், மாற்றலாகி வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. மலையாளம் சுத்தமாகத் தெரியாது. அம்மா ஏத்தங்காய் சிப்ஸும் காபியும் கொண்டு வைத்தார். தின்று முடித்து வாய் துடைத்த பிறகு வசனங்கள் ஆரம்பித்தன.

மனைவிகள் கீழ்ப்படிய வேண்டும் என்பதற்கு ஒன்று. கணவன் தலை என்பதற்கு ஒன்று. "தலையை சரீரம் திருத்தலாமாம்மா? அதுவும் பிள்ளைங்க முன்னால?" என்று போதகர் மெல்லிய குரலில், உண்மையிலேயே வருத்தப்பட்டுத்தான் கேட்டார். அந்த வருத்தம்தான் எனக்கு இன்னும் எரிகிறது. கெட்ட மனிதராக இருந்திருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருக்கலாம்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "ஐயா, கீழ்ப்படியணும்னு உள்ள வசனத்துக்கு அடுத்த வசனம் என்னவாக்கும்?" என்றேன். புருஷர்கள் மனைவியிடம் அன்பாக இருக்க வேண்டும், கசந்துகொள்ளக் கூடாது என்று அங்கேயே, ஒட்டினாற்போல இருக்கிறது. கண் கொஞ்சம் கீழே இறங்கினால் போதும். இத்தனை வருடமாக எங்கள் சபையில் யாருடைய கண்ணும் அந்த ஒரு வரி கீழே இறங்கி நான் பார்த்ததில்லை.

"பிள்ளே, நீ சும்மா இரி. கெட்டாத்த பிள்ளைக்கு இதுல என்ன தெரியும்?" என்றார் செயலாளர். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, ஆகையால் வாசிக்கத் தெரியாது.

போதகர் அத்தானைப் பார்த்தார். அத்தான் தரையைப் பார்த்தபடி "தெற்று பற்றிப்போச்சு ஐயா" என்றார். தப்பு நடந்துவிட்டதாம். மழை பெய்துவிட்டது, கரண்ட் போய்விட்டது என்பதுபோல, ஒருவர் கையும் படாமல் நடந்துவிட்டதாம். அதையே பாவ அறிக்கை என்று செயலாளர் போதகருக்கு எடுத்துச் சொன்னார். ஏழெழுபது தரம் மன்னிக்க வேண்டும் என்று போதகர் அக்காவைப் பார்த்துச் சொன்னார். மன்னிப்பு கேட்டவர் யாருமில்லை, ஆனால் கொடுக்க வேண்டிய கணக்கு மட்டும் அக்கா தலையில் ஏறிவிட்டது.

அக்கா அப்போதுதான் வாயைத் திறந்தாள். அவள் பேசியது எங்கள் ரோட்டுப் பேச்சு. "நான் போறேன் ஐயா. இனியும் இப்பிடி வல்லதும் நடந்தா ஆரு சமாதானம் பறையும்?"

போதகரின் முகம் மலர்ந்தது. அவர் காதில் விழுந்தது சமாதானம் என்ற ஒரு சொல்தான். "கர்த்தர் சொல்லுவாரும்மா," என்றார். "அவர் சமாதானப் பிரபு இல்லையா? அவரே உனக்குச் சமாதானம் சொல்லுவார்."

அக்கா கேட்டது என்னவென்று அந்த அறையில் அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். செயலாளருக்குத் தெரியும். அத்தானுக்கு நன்றாகவே தெரியும். அம்மாவுக்கும் தெரியும். நான் விளக்கிச் சொல்ல வாயெடுத்தேன், அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினார். அதற்குள் செயலாளர் "அப்ப சமாதானம் ஆச்சு, ஜெபிப்போம்" என்று கண்ணை மூடிவிட்டார். ஜெபம் முடிந்ததும் அக்கா அத்தானின் காரில் ஏறினாள். அம்மா மீதி சிப்ஸை ஒரு கவரில் போட்டு அத்தானிடம் கொடுத்தார்.

மழைக்காலம் முடிவதற்குள் அந்த இன்னொரு அடி விழுந்தது. காரணத்தைச் சொல்லி அதற்கு ஒரு மரியாதை கொடுக்க எனக்கு மனசில்லை. அதே காது. இந்த முறை டாக்டர், இனி அந்தப் பக்கம் கேட்காது என்று சொல்லிவிட்டார். அக்கா யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல், ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ஸ்டேஷனுக்குப் போய்விட்டு, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கேஸ் நடக்கிறது. அத்தான் பாடகர் குழுவில் பாடிக்கொண்டுதான் இருக்கிறார். ரோஜாப்பூவும் நிற்கவில்லை. நான் அந்தக் குழுவிலிருந்து விலகிவிட்டேன், அம்மா விலகவில்லை.

திருவிருந்து ஞாயிறுகளில் எங்களிடம் ஒரு முறை உண்டு. அப்பமும் திராட்சரசமும் எடுப்பதற்கு முன்னால் போதகர் பீடத்திலிருந்து இறங்கி வந்து, முதல் பெஞ்சின் ஓரத்தில் இருப்பவரின் கைகளைத் தன் கைகளுக்குள் வைத்து "சமாதானம்" என்பார். வாங்கியவர் அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். அவர் அதற்கு அடுத்தவருக்கு. அப்படியே கைமாறிக் கைமாறிக் கடைசி பெஞ்சு வரை போகும். சண்டைக்காரர்கள் பக்கத்தில் உட்கார நேர்ந்துவிட்டால் விரல் நுனியால் தொட்டு முடித்துக்கொள்வார்கள், ஆனால் வாங்காமல் விட்டவர் யாரும் கிடையாது.

அக்கா வந்த பிறகு வந்த முதல் திருவிருந்து அது. பிரசங்கம் கேட்கவில்லை என்று அவள் பெண்கள் பக்கம் முதல் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு இடப்பக்கம் நான், எனக்கு அடுத்து அம்மா. போதகர் இறங்கி வந்து அக்காவின் முன்னால் நின்று கைகளை நீட்டினார். "சமாதானம்" என்றார்.

அக்காவின் கைகள் மடியிலேயே இருந்தன. காது கேட்கவில்லை என்று நினைத்து அவர் குனிந்து, ஆலயம் முழுக்கக் கேட்கும்படி இன்னொரு தடவை சொன்னார்: "சமாதானம்!"

"கேட்டுது ஐயா," என்றாள் அக்கா. "அதத்தான் நானும் அண்ணைக்கே கேட்டேன். எனக்க காதுக்கு ஆரு சமாதானம் பறையும்?"

பாட்டுக்காரர்கள் மெதுவாக இசைத்துக்கொண்டிருந்த கீபோர்டு நின்றது. போதகர் நீட்டிய கையோடு நின்றார். இந்த முறை அது தன்னுடைய தமிழ் இல்லை என்பது அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். காணிக்கைப் பையோடு பக்கத்தில் நின்ற செயலாளரின் பக்கம் திரும்பி, "என்ன கேக்குறாங்க?" என்றார்.

"சுகமில்லாத பிள்ளையாக்கும் ஐயா," என்றார் செயலாளர் தணிந்த குரலில். "நீங்க அடுத்த ஆளுக்குக் குடுங்க."

இந்தத் தடவை என்னைக் கிள்ள அம்மாவுக்கு நேரம் கிடைக்கவில்லை. "பதில் ஆரு சொல்லுவான்னு கேக்கா ஐயா," என்று சத்தமாகவே சொன்னேன். "எங்க பாஷையில சமாதானம்னா பதில்." போதகர் என்னைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். ஆண்கள் பக்கம், அத்தான் நின்ற வரிசையை ஒரு கணம் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது, அது எனக்கு நிச்சயம். புரிந்த பிறகு கையை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. அம்மா என்னைத் தாண்டிக் குறுக்கே கையை நீட்டி வாங்கினார். வாங்கி, திரும்பி, பின் பெஞ்சில் இருந்தவருக்குக் கொடுத்தார். அது வழக்கம்போலக் கடைசி வரை போயிருக்கும், நடுவில் அத்தானின் கைக்கும் கிடைத்திருக்கும்.

நாங்கள் இருவரும் எழுந்து வெளியே வந்தோம். ரோட்டில் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு தன் வலது காதை என் பக்கம் திருப்பினாள்.

"கடைசியில ஐயா என்ன சொன்னாரு? இந்தப் பக்கமா நிண்ணதுனால எனக்குக் கேக்கல்ல."

"ஒண்ணும் சொல்லல்லக்கா."

"அப்ப எனக்குச் சரியாத்தான் கேட்டிருக்கு," என்றாள்.