குண்டானுக்கடியில் ஒரு படகு

அந்த மீன்பிடித் துறைமுகத்தில் அவளைப் பெயர் சொல்லி அழைப்பவர் யாருமில்லை. ஏலக்கூடத்துக்கு மேலே இருந்த ரேடியோ அறையைக் கடலில் நிற்கும் படகுகள் 'கரை' என்று கூப்பிடும். அங்கே பேசுகிறவள் பெண்ணாகவும், யாருக்கும் அடங்காத வாய் உள்ளவளாகவும் அமைந்துவிட்டதால் அவள் 'கரை அக்கா' ஆகிவிட்டாள். அவளைவிட மூத்த படகோட்டிகளுக்கும் அக்காதான். தலை நரைத்த தம்பிகள் தனக்குத்தான் உலகத்திலேயே அதிகம் என்பாள்.

அறையில் ஒரு மைக், இரண்டு ஒலிபெருக்கிகள், ஒரு கால் ஆடும் நாற்காலி, சுவரோரம் ஒரு திரை. ஒவ்வொரு படகிலும் அரசாங்கம் ஒரு டப்பாவைப் பொருத்தியிருந்தது. எந்தப் படகு, எங்கே நிற்கிறது என்று கரைக்கும் கடலில் உள்ள மற்றப் படகு, கப்பல்களுக்கும் அது சொல்லிக்கொண்டே இருக்கும், திரையில் அது ஒரு புள்ளியாகத் தெரியும். புயல் வந்தால் தேடிக் காப்பாற்றத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் மீன்பிடிக்கிறவனுக்குப் புயலைவிடப் பக்கத்துப் படகுக்காரன்மேல்தான் பயம் அதிகம். தான் கண்டுபிடித்த நல்ல இடத்தை அடுத்தவன் மோப்பம் பிடித்துவிடுவானே! அதனால் வலை போடும் இடம் நெருங்கியதும் சோறு வடித்த அலுமினியக் குண்டானைக் கழுவி, அந்த டப்பாவின்மேல் கவிழ்த்துவிடுவார்கள். திரையில் புள்ளி பட்டென்று மறைந்துபோகும். "கவிழ்த்துட்டான் பாரு, களவாணிப்பய" என்று கரை அக்கா செல்லமாகத் திட்டுவாள். யாரையும் காட்டிக்கொடுக்கமாட்டாள்.

அவளுடைய தம்பி இந்தக் கலையில் கைதேர்ந்தவன். சொந்தப் படகு, கூட மூன்று ஆட்கள். ரேடியோவை எந்நேரமும் திறந்து வைத்து ஊரார் பேச்சையெல்லாம் ஒன்றுவிடாமல் கேட்பான், தான் மட்டும் வாயைத் திறக்கமாட்டான். துறைமுகத்தில் அவனுக்கு 'ஊமைக்கோட்டான்' என்று பேர் வைத்திருந்தார்கள். தன் இடம் எது என்பதை அவன் அக்கா ஒருத்தியிடம் மட்டும் சொல்லியிருந்தான். திரும்பி வராமல் போனால் எங்கே தேடுவது என்று ஒருவருக்காவது தெரியவேண்டும் அல்லவா? கட்டிய பெண்டாட்டியிடம்கூட மூச்சுவிடவில்லை.

அந்த இடம்தான் வம்பு பிடித்த இடம். நடுக்கடலில் தண்ணீருக்கடியில் ஒரு பெரிய மேடு. மேலண்டைப் பெரிய நாடு அது தன்னுடையது என்றது. கீழண்டைப் பெரிய நாடும் அதையே சொன்னது. அந்த மேட்டைக் கையில் வைத்திருப்பவன் கண்ணில் படாமல் அந்த வழியாக எந்தக் கப்பலும் போகமுடியாது என்பதால் இரண்டு பேரும் போர்க்கப்பல்களைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். நடுவில் மாட்டிக்கொண்ட சின்ன நாடு இது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. எங்கள் படகு ஒன்றுகூட அந்தப் பக்கம் வராது என்று இரண்டு பேருக்கும் வாக்குக் கொடுத்துவிட்டு அரசாங்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. அங்கே போனால் லைசென்ஸ் போய்விடும், படகும் போய்விடும். அக்கா இதையெல்லாம் சொல்லித் தம்பியைக் கண்டித்தபோது, அந்தச் சட்டம் மீனுக்குத் தெரியாதே என்றான்.

முந்தைய பருவத்தில் பக்கத்துத் துறைமுகத்துப் படகு ஒன்று அங்கே குண்டானைக் கவிழ்த்துக்கொண்டு நின்றது. அடையாளம் தெரியாத உளவுப் படகு என்று நினைத்துப் போர்க்கப்பல் ஒன்று அதை இடித்துத் தள்ளியது. இரண்டு பேர் கிடைக்கவே இல்லை. மீன்பிடிப் படகு வேஷத்தில் எதிரி உளவு பார்க்கிறான் என்று இரண்டு நாட்டுக்குமே சந்தேகம்.

ஒருநாள் காலை, ஏலம் முடிந்து கூடத்தைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்த நேரம், பொது அலைவரிசையில் கீழண்டைக் கப்பலின் குரல் வந்தது. மேட்டின் தென்சரிவில் நிற்கும் படகே, நீ யார், சொல். கடலில் எல்லா நாட்டாரும் பேசும் உடைசல் ஆங்கிலம்தான். அக்கா ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டினாள். தென்சரிவு அவள் தம்பியின் இடம். திரையைப் பார்த்தாள். நேற்றுச் சாயங்காலம் வழக்கமான இடத்தில் மறைந்த அவன் புள்ளி இன்னும் வரவில்லை.

படகிலிருந்து பதில் இல்லை. கப்பல் மறுபடியும் கேட்டது. சத்தம் கேட்டு மீன்வளத்துறை அதிகாரி மாடிக்கு ஓடிவந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் மேலிடத்தைக் கேட்காமல் தும்மக்கூடமாட்டார். அவள் விஷயத்தைச் சொன்னதும் தலைநகரத்துக்குப் போன் போட்டார். பொறு என்றார்கள். மறுபடியும் போட்டார். மறுபடியும் பொறு.

அதற்குள் மேலண்டைக் கப்பல் பேச்சில் குறுக்கே பாய்ந்தது. இது எங்கள் கடல், இங்கே யாரையும் விசாரிக்க உனக்கு உரிமையில்லை, வெளியே போ என்றது. அப்படியானால் அது உன் படகுதான் என்றது கீழண்டை. மேலண்டை ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பாவிகள், 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துபோகும்? எதிரி குழம்பட்டும் என்று வாயை மூடிக்கொண்டார்கள். உளவுப் படகுதான் என்று கீழண்டைக்கு உறுதியாகிவிட்டது. இது கடைசி எச்சரிக்கை, பதில் இல்லையென்றால் சுடுவோம் என்றது.

தம்பி இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருப்பான் என்று அக்காவுக்குத் தெரியும். ஏன் பேசாமல் இருக்கிறான் என்பதும் தெரியும். பேசினால் இடம் போச்சு, லைசென்ஸ் போச்சு. அசையாமல் கிடந்தால் கண்டம் தாண்டிப் போய்விடும் என்று நினைத்திருப்பான். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருண்டுவிடுமா? அவனை இன்றைக்குக் கொல்லப்போவது கப்பல் அல்ல, அந்த ரகசியம்தான் என்று அவளுக்குப் பட்டது. அது இருக்கிறவரை அவன் குண்டானை எடுக்கமாட்டான்.

அவள் மைக்கை எடுத்தாள். அதிகாரி அவள் கையைப் பிடித்தார். "வேணாம்மா. அங்க நம்ம படகு நிக்குதுன்னு நீங்க சொன்னா அரசாங்கமே சொன்ன மாதிரி. ஊரே கேட்டுட்டு இருக்கு."

"கையை எடுங்க சார். அவன் என் தம்பி."

அவர் எடுத்துவிட்டார். பிறகு எத்தனையோ பேர் விசாரித்தபோதும், தானாகவேதான் கையை எடுத்தேன் என்பதை அவர் மறைக்கவில்லை.

அவள் முதலில் கப்பல்களிடம் பேசினாள். தென்சரிவில் நிற்பது மீன்பிடிப் படகு, எங்கள் துறைமுகத்துப் படகு, ஆண்டுக்கணக்காக அங்கேதான் வலை போடுகிறான், உள்ளே நாலு பேர், ஆயுதம் எதுவும் கிடையாது. அடையாளம் ஏன் தெரியவில்லை என்று கப்பல் கேட்டது. டப்பாவின்மேல் சோற்றுக் குண்டானைக் கவிழ்த்திருக்கிறான் என்றாள். எதைக் கவிழ்த்திருக்கிறான் என்று கேட்டார்கள். மறுபடியும் சொன்னாள். சிரிக்க வேண்டிய பேச்சுதான், அந்த அறையில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அப்புறம் அவள் தம்பியிடம் பேசினாள்.

"டேய், கேக்குதா? உன் இடத்த நான் சொல்லிட்டேன். எல்லாப் படகுக்கும் தெரிஞ்சுபோச்சு, ஆபீசருக்கும் தெரிஞ்சுபோச்சு. இனிமே மறைக்கிறதுக்கு உங்கிட்ட ஒண்ணும் இல்லடா. குண்டான எடு."

திரையில் தென்சரிவு வெறுமையாகவே இருந்தது. அதிகாரி போனைக் காதில் வைத்தபடி கேட்க மறந்து நின்றார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஐஸ் கம்பெனி வாசலில் தம்பி மனைவி பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒன்றும் அறியாத பெண். அவள் நிமிர்ந்து பார்த்துவிடக்கூடாதே என்று அக்கா வேண்டிக்கொண்டாள்.

தென்சரிவில் புள்ளி வந்தது.

அடையாளம் தெரிகிறது என்றது கீழண்டைக் கப்பல், சோதனை போடவேண்டும், அப்படியே நில். நிற்காதே, எங்களிடம் வா, நாங்கள் பாதுகாப்புத் தருகிறோம் என்றது மேலண்டை. இவ்வளவு நேரம் வாய் திறக்காத புண்ணியவான்! யாரிடம் போனாலும் அவன் திரும்பப்போவதில்லை, மற்றவனுக்கு எதிரான சாட்சியாக வைத்துக்கொள்வார்கள் என்று அக்காவுக்குப் புரிந்தது. வலையை அறுத்துவிட்டு வா என்றாள்.

அப்போதுதான் அவன் முதல்முறையாக ரேடியோவில் பேசினான். "புது வலைக்கா."

"அறுடா!"

புள்ளி நகர்ந்தது. ஒரு கப்பலும் துரத்தவில்லை. இரக்கம் ஒன்றும் இல்லை. படகின் பின்னால் போனால் மேடு மற்றவனுக்குக் காலியாகிவிடும் என்று இருவருக்குமே பயம். ஒருவனை ஒருவன் முறைத்துக்கொண்டே நின்றார்கள், நாலு உயிர் நடுவில் நழுவி வந்துவிட்டது.

கரையேறியவன் அக்காவைப் பார்க்க வரவில்லை. அவன் மனைவி வந்தாள். "உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியல. என்ன அண்ணி இது?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள். வேலை போய்விடும் என்று அக்கா தன் டீக் குவளையைக்கூடப் பையில் எடுத்து வைத்துவிட்டாள்.

வேலை போகவில்லை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. தலைநகரத்திலிருந்து வந்தவர்கள் அவளைப் பாராட்டினார்கள். ஆண்டுக்கணக்காக அங்கே எங்கள் மீனவர் வலை போடுகிறார் என்று அவள் சொன்னதை இரண்டு கடற்படைகளும் கேட்டிருக்கின்றன, மறுத்துப் பேசவில்லை. அப்படியானால் அந்த மேட்டில் நமக்கும் பங்கு உண்டு! இத்தனை நாளும் கையைக் கட்டி நின்ற அரசாங்கத்துக்குத் திடீரென்று முதுகெலும்பு முளைத்துவிட்டது. இனி அவள் தம்பி வாராவாரம் அங்கே போகவேண்டும். குண்டான் கூடாது. பொது அலைவரிசையில் கரை அவனைக் கூப்பிட்டு எங்கே நிற்கிறாய் என்று கேட்கவேண்டும், எல்லாக் கப்பலும் கேட்கும்படி அவன் பதில் சொல்லவேண்டும். மாட்டேன் என்றால் பழைய குற்றத்துக்கு லைசென்ஸ் ரத்து, கூட இருக்கும் மூன்று பேருடைய பிழைப்பும் சேர்ந்து போகும்.

அக்கா இடமாற்றம் கேட்டாள். கிடைக்கவில்லை. உடம்பு சரியில்லை என்று படுத்துக்கொள்ளலாமா என்று யோசித்தாள். தன் நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்தால், ஆபத்து வரும்போது அறு என்று சொல்ல அவர்களுக்கு மனசு வருமா? அதனால் அவளே போய் உட்கார்ந்தாள்.

முதல் வாரம். புள்ளி தென்சரிவில் போய் நின்றது. சுற்றிலும் இரண்டு பக்கத்துக் கப்பல்கள். நேரமாகிவிட்டது என்று அதிகாரி தொண்டையைக் கனைத்தார். அவள் மைக்கை எடுத்தாள். அவனை இழுத்துக்கொண்டுவந்த அதே வாயால் அவனை அங்கே நிற்கவைக்க வேண்டும். மைக்கின் பொத்தானை அவள் அழுத்தவில்லை.

ஒலிபெருக்கியில் தம்பியின் குரல் வந்தது. அன்றைக்கு வலை அறுத்ததற்கு அப்புறம் அவன் அவளிடம் பேசிய முதல் பேச்சு.

"கரை அக்கா, நான் இங்கதான் நிக்கிறேன். எங்கன்னு கேளுக்கா. நீ கேட்டாத்தானே நான் சொல்ல முடியும்?"

அவள் கேட்டாள்.