வெட்கச் சதுக்கத்தில் பெண் பார்த்த கதை

எங்கள் சித்தியின் கலியாணத்தைக் குழப்பியது நான்தான். இது அம்மா கொடுத்த தீர்ப்பு. பதினைந்து வருடமாக வீட்டில் அமலில் இருக்கிறது. எதிர்த்து ஒரு வார்த்தை பேச எனக்கு வாயில்லை. பேசக்கூடிய அந்த வாயால்தானே குழப்பினேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. இத்தாலியில், பலெர்மோ நகரில், எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு பழைய கட்டடத்தைப் பங்கு பிரித்துக் கொடுத்திருந்தார்கள். அதைப் பற்றிப் படித்து, பார்க்க வருகிற சனங்களுக்கு நாங்கள் கைட் மாதிரி விளக்கிச் சொல்ல வேண்டும். எங்கள் வகுப்புக்குக் கதீட்ரல். அதில் என் பங்குக்கு வந்தது தரையில் பதித்த ஒரு பித்தளைக் கோடு. மேலே ஒரு சின்னத் துளை இருக்கிறது. அதன் வழியாக விழும் வெயில் வட்டம் உச்சிப்பொழுதில் அந்தக் கோட்டைத் தாண்டிப்போகும். கோட்டின் ஓரமாகப் பன்னிரண்டு ராசிகளையும் நிறநிறக் கல்லில் பதித்திருப்பார்கள். வகுப்பில் என்னைப்போல் இதை மூச்சுவிடாமல் ஒப்புவிக்க யாருமில்லை. வீட்டுக்கு வந்தவர்களில் அதைக் கேட்காமல் தப்பியவர்களும் இல்லை.

சித்தி அம்மாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். ஒரு வயதான இத்தாலிய சிஞ்ஞோராவைப் பார்த்துக்கொள்கிற வேலை. அதற்கு இரண்டு வருடம் முந்தி வுச்சீரியாச் சந்தைப் பக்கம் ஒரு மோட்டார் சைக்கிள் அவளை இடித்துத் தள்ளியது. முழங்காலில் இரண்டு தரம் சத்திரசிகிச்சை செய்தும் கால் பழையபடி வரவில்லை. வலது காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பாள். யாராவது விசாரித்தால் அம்மா முந்திக்கொண்டு, "கொஞ்சம் உளைவு, மாறிவிடும்" என்பாள். அது மாறாது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

இந்த நிலையில்தான் ஜெர்மனியிலிருந்து ஒரு சம்பந்தம் பேசி வந்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு சாத்திரியார் இரண்டு சாதகத்தையும் பார்த்து, திறமான பொருத்தம் என்று எழுதிக் கொடுத்திருந்தார். சித்தியின் படமும் போயிற்று. கதிரையில் இருத்தி எடுத்த படம். காலைப் பற்றி அம்மா மூச்சுக்கூட விடவில்லை. "முதலிலை ஆளைப் பாக்கட்டும், பிடிச்சால் பிறகு சொல்லுவம்" என்றாள்.

எங்கள் ஆட்களிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. பெண் பார்க்க நேரே வீட்டுக்கு வரமாட்டார்கள். கோயிலில் தற்செயலாகக் கண்டதுபோல் கண்டு, நாலு வார்த்தை கதைத்துவிட்டுப் பிரிவார்கள். பிடிக்காவிட்டால் யாரும் யாருக்கும் முகம் கோண வேண்டியதில்லை. ஆனால் கோயில் என்றால் வீதி சுற்ற வேண்டும், விழுந்து கும்பிட வேண்டும். அம்மா அதை யோசித்துவிட்டுக் கோயில் வேண்டாமென்றாள். வருகிறவர்கள் ஊர் பார்க்க வந்தவர்கள்போல் நகரத்தின் நடுவிலிருக்கிற பெரிய நீரூற்றுச் சதுக்கத்துக்கு வரட்டும், எதிரேயுள்ள தேவாலயப் படியில் சித்தி முன்கூட்டியே போய் இருக்கட்டும் என்று அப்பா யோசனை சொன்னார். அரை மணித்தியாலம் கதைத்த பிறகு விருந்தாளிகளை மொண்டெல்லோக் கடற்கரைக்குத் தான் காரில் கூட்டிப் போவதாகவும் சித்தி படியிலேயே இருக்கலாமென்றும் திட்டம்.

முதல்நாள் பின்னேரம் சித்தி சேலையை அயர்ன் பண்ணிக்கொண்டே என் பாடத்தைச் சொல்லச் சொல்லி இரண்டு தரம் கேட்டாள். புளுகம் தாங்காமல் நான் துள்ளினேன்.

"வெயில் எத்தினை மணிக்கு விழும்?" என்று கேட்டாள்.

"ஒரு மணி அடிச்சுக் கொஞ்சத்தாலை. கோடையெண்டு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்கு வைச்சிருக்கினமெல்லோ."

"அந்தச் சதுக்கத்திலையிருந்து எவ்வளவு தூரம்?"

"பத்து நிமிசம் நடக்கோணும்."

"எனக்கு இருபது," என்று சிரித்தாள். பிறகு, "நல்ல கைட்டெண்டால் வந்த சனத்துக்கு அதைக் காட்டாமல் விடுவியே?" என்றாள். நான் விடுவேனா?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, சித்திரை முடிகிற நேரம். மாப்பிள்ளையும் தாயும் வந்தார்கள். அப்பா பதினாலு வருடமாக பஸ்ஸிலும் நடையிலும் அந்தச் சதுக்கத்தைத் தாண்டி வேலைக்குப் போனவர். இருக்க வசதியான படி இருக்கிறது என்பதை மட்டும் கவனித்திருக்கிறார். நீரூற்றைச் சுற்றி நிற்கிற சிலைகளில் ஒன்றுக்குக்கூட ஒழுங்காக உடுப்பில்லை என்பதை அவர் அன்றைக்குத்தான் கண்டார். ஊர்ச்சனம் அந்த இடத்துக்கு வெட்கச் சதுக்கம் என்று பேர் வைத்தது சும்மா இல்லை. மாப்பிள்ளையின் தாய் ஒரு பக்கம் திரும்பினால் ஒரு ஆண் தெய்வம், மறுபக்கம் திரும்பினால் இரண்டு பெண் தெய்வம். கடைசியில் தன் கைப்பையையே பார்த்துக்கொண்டு கதைத்தா. அம்மா அப்பாவைப் பார்த்த பார்வையில் பச்சை மரமும் பற்றியிருக்கும்.

சித்தி படியில் இருந்தாள். மாம்பழ நிறச் சேலை பாதம் மூடிக் கிடந்தது. மாப்பிள்ளை தன் வேலையைப் பற்றி ஏதோ சொன்னார், சித்தி சிரித்துப் பதில் சொன்னாள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்பா கார்த் திறப்பைச் சட்டைப் பையிலிருந்து வெளியே எடுத்தும் விட்டார்.

நான் நடுவில் போய் நின்று, "அன்ரி, கதீட்ரலுக்குள்ளை ராசியெல்லாம் இருக்கு, இப்ப நடந்தால் வெயில் விழுறதைக் காணலாம்" என்றேன். அம்மா என் முதுகில் கிள்ளினாள். சிலைகளிடமிருந்து தப்ப வழி கிடைத்த சந்தோசத்தில் அந்தத் தாய், "ஓம் பிள்ளை, கோயிலெண்டால் பாப்பம்" என்றா.

"தங்கச்சிக்குக் கொஞ்சம் வேலை கிடக்கு, அவ இஞ்சை நிக்கட்டும்" என்று அம்மா அவசரமாகச் சொன்னாள். ஆனால் சித்தி ஏற்கெனவே எழும்பி நின்றாள். "இல்லை அக்கா, நானும் வாறன்."

நான் முன்னால் ஓடினேன். நாலு மூலைச் சந்தியில் நின்று நாலு பருவங்களுக்கும் உரிய சிலைகளைச் சுட்டிக்காட்டினேன். நல்லவேளை, அவற்றின் உடுப்பைப் பார்த்துக் குறை சொல்ல யாருக்கும் மனமில்லை. நான் சொன்னதை ஒருவரும் கேட்கவே இல்லை. பின்னால் திரும்பிப் பார்த்தேன். தெருவின் வழுவழுத்த கல்லில் சித்தி காலை இழுத்து இழுத்து வந்துகொண்டிருந்தாள். மாப்பிள்ளை முதலில் முன்னால் நடந்தார், பிறகு நடையைக் குறைத்து அவளுக்குப் பக்கத்தில் வந்தார். அவருடைய தாய் சித்தியின் சேலைக் கரையை மட்டும் பார்த்தபடி நடந்தா. அம்மாவின் முகத்தில் இரத்தமே இல்லை. எனக்கோ நேரம் போகிறதே என்ற ஒரே கவலை.

நல்லகாலம், வெயில் எங்களுக்காகக் காத்திருந்ததுபோல் சரியாக வந்தது. ஒரு தேசிக்காயளவு வெளிச்சம் கோட்டைத் தொட்டு, ரிஷபத்தின்மேல் ஏறியது. நான் பாடத்தை ஒப்புவித்தேன். அந்தத் தாய் குனிந்து பார்த்துவிட்டு, "சித்திரையிலை சூரியன் மேஷத்திலையெல்லோ நிக்கும்? இவை பிழையாப் போட்டிருக்கினம்" என்றா. நடக்கத் தொடங்கிய பிறகு அன்றைக்கு அவ சொன்ன ஒரே வார்த்தை அதுதான். மொண்டெல்லோவுக்கு ஒருவரும் போகவில்லை.

ஒரு கிழமையில் ஜெர்மனியிலிருந்து போன் வந்தது. சாதகம் பொருந்தவில்லையாம். "முந்தியே பாத்துப் பொருந்தினதுதானே?" என்று கேட்டேன். அம்மா என் தலையில் ஒரு குட்டுப் போட்டுவிட்டு அழுதாள். தீர்ப்பு பிறந்தது அன்றைக்குத்தான். சித்தி எனக்குக் கிரனீத்தா ஐஸ் வாங்கித் தந்தாள், பெரிய கிண்ணத்தில். ஏன் என்று நான் கேட்கவில்லை. ஐஸ் கிடைத்தால் ஒன்பது வயதில் யார் காரணம் கேட்பது?

சித்தி பிறகு கலியாணம் கட்டவில்லை. இரண்டு தெரு தள்ளித் தனி வீடு எடுத்து, தன் பாட்டில் இருக்கிறாள். வயது ஏற ஏற, அந்த ஞாயிற்றுக்கிழமை என் நெஞ்சில் பாரமாக ஏறிக்கொண்டே வந்தது. போன வருடம் அவளோடு கதீட்ரல் வாசலால் வரும்போது பொறுக்க முடியாமல் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

சித்தி நடையை நிறுத்தி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "விசரி, நான்தானே உன்னை உருவேத்தி விட்டனான்" என்றாள். "அண்டைக்குப் படியிலை இருந்தபடியே ஓமெண்டு போயிருந்தால், அவையின்ரை வீட்டிலை எத்தினை நாளைக்கு எழும்பாமல் இருந்திருப்பன், சொல்லு?"

அன்றைக்கு நான் கூப்பிட்டு முடிக்குமுன்னமே அவள் எழும்பி நின்றது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எல்லாரையும் நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்ற பெருமையில் தெரு நீளம் முன்னால் ஓடினேன். உண்மையில் எங்களைக் கூட்டிக்கொண்டு போனவள் காலை இழுத்துக்கொண்டு பின்னால் வந்தாள் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.