களிம்பேறிய மெழுகுதிரித் தண்டு

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. ஆனால் ஆறு வயதில் நான் செய்த ஒரு காரியத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். மலையில் மழைத்தண்ணீர் வடியக் கான் வெட்டும்போது அப்பாவுக்கு மண்ணுக்குள்ளிருந்து ஒரு மெழுகுதிரித் தண்டு கிடைத்தது. மேலெல்லாம் பச்சைக் களிம்பு. அதே வாரம் தோட்ட நிர்வாகியின் பங்களாவில் ஒரு பித்தளைத் தண்டு காணாமல் போயிருந்தது.

"மண்ணுல கெடைச்சுச்சாக்கும்! எங்களுக்கெல்லாம் கல்லுதான்டா கெடைக்குது," என்றார் கணக்கப்பிள்ளை.

பங்களாவில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர், பறங்கியர் காலத்து உலோகப் பொருட்களைச் சுரண்டித் திராவகம் விட்டுச் சோதிப்பவர். மறுநாள் தண்டைப் பார்த்துச் சொல்வதாகச் சொன்னாராம். அப்பாவுக்கு உயிர் வந்தது. அந்தக் களிம்பே சாட்சி சொல்லும் என்று நம்பினார். என் காதில் விழுந்ததோ, தொரை பார்க்கப்போகிறார் என்பது மட்டும்.

கோயிலுக்கோ பங்களாவுக்கோ போகும் பாத்திரம் எங்கள் லயத்து வீடுகளில் புளி போட்டுத் தேய்க்காமல் போகாது. மறுநாள் அப்பாவும் அம்மாவும் மலைக்குப் போனபிறகு, பீலியிலிருந்து கொட்டும் தண்ணீரில் உட்கார்ந்து, புளியும் செங்கல் தூளுமாகக் கை எரியத் தேய்த்தேன். தங்கம்போல மின்னியது.

எடுத்துப்போக வந்த அப்பா அதைப் பார்த்தபடி நின்றார். திட்டவில்லை. பாராட்டைக் கேட்க நானும் பின்னாலேயே ஓடினேன்.

வெள்ளைக்காரர் சுரண்டினார், ஒரு சொட்டு விட்டார். பச்சையாக நுரைத்தது. தலையை ஆட்டி ஏதோ சொன்னார்.

கணக்கப்பிள்ளை தமிழில் சொன்னார்: "இதுவும் பித்தளை, பங்களாவுல உள்ளதும் பித்தளை. களிம்பு இருந்திருந்தாத்தான் பழசுன்னு சொல்லலாமாம். யாருடா தேய்ச்சது?"

அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தாங்க ஐயா."

"களவ மறைக்கவா?"

மறுநாளே தோட்டத்தைவிட்டு விரட்டப்பட்டோம்.

பல வருடங்கள் கழித்து, பதுளைப் பள்ளிக்கூடத்தில் செம்புத் துண்டு திராவகத்தில் பச்சையாக நுரைத்ததைப் பார்த்த அன்றுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. போய்ச் சொல்ல அப்போது அப்பா உயிரோடு இல்லை.

லுணுகலைப் பக்கம் வேலை தேடி மழையில் நடந்த அந்த இரண்டு நாளும் நான் அவரோடு பேசவில்லை. கை எரியத் தேய்த்தது நான். தொரை முன்னால் அதைத் தன் வேலை என்று சொல்லிக்கொண்டாரே என்று கோபம். ஏற்றத்தில் என்னைத் தூக்கிக்கொள்ளக் குனிந்தார். அவர் கையைத் தட்டிவிட்டேன்.