காற்று திரும்பிய காலையில் ஆறு சிலிண்டர்கள்

என் கையெழுத்தைப் படிக்க உங்களுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். நான் ஐந்தாவதோடு பள்ளியை விட்டவன். எழுத்துப்பிழை நிறைய இருக்கும். கண்ட இடத்தில் திருத்திப் படித்துக்கொண்டு, என்னை மன்னித்துவிடுங்கள். நேரில் வந்து சொல்லியிருக்கலாம். ஆனால் நாலு பேர் என் முகத்தைப் பார்த்தால் எனக்கு நாக்கு எழும்பாது. நம் திண்டுக்கல் பக்கத்திலிருந்து நீங்கள் மூன்று பேர் அந்தமானில் நான் வேலை பார்த்த அதே டைவிங் கடைக்கு வேலைக்குப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அதனால் எழுதுகிறேன்.

1. முதல் நாள்

தொண்ணூறுகளில் நான் கிணறு வெட்டும் கம்ப்ரசர் வண்டியில் ஆபரேட்டர். கன்னிவாடி, ரெட்டியார்சத்திரம் பக்கமெல்லாம் போவோம். டிராக்டரைக் கிணற்று மேட்டில் நிறுத்தி, ஓஸ் பைப்பை உள்ளே இறக்கி, கீழே இருப்பவர் பாறையில் துளை போடக் காற்று கொடுப்பது என் வேலை. பிறகு ஊரெல்லாம் போர்வெல் போட ஆரம்பித்தார்கள். வண்டி சும்மா நின்றது.

அப்போதுதான் ஜெரால்டு சார் கம்ப்ரசர் தெரிந்த ஆள் வேண்டும் என்று ஊருக்குச் சொல்லியனுப்பினார். அவரும் திண்டுக்கல்காரர்தான். கப்பலுக்கு அடியில் முங்கி வேலை பார்த்துவிட்டு, பிறகு ஒரு தீவில் சொந்தமாக டைவிங் கடை போட்டவர். 2005 கடைசியில் நான் போய்ச் சேர்ந்தேன்.

"நீந்துவியாலே?" என்று கேட்டார்.

"கெணத்துல நீந்துவேன் சார்."

"கெணத்துல நீந்துனா செவுரு வரும். இங்க நீந்துனா பர்மா வரும். சூதானமா இரு."

முங்குபவர்கள் முதுகில் மாட்டும் சிலிண்டருக்குக் காற்று அடிக்கும் கம்ப்ரசர் சின்னது, டீசல் இன்ஜினில் ஓடுவது. எனக்கு அது பொம்மை மாதிரி இருந்தது. தைரியமாக ஸ்டார்ட் செய்தேன். சார் ஓடிவந்து நிறுத்தினார். காற்று இழுக்கும் பைப்பை நான் புகைக்குழாய்க்குப் பக்கத்திலேயே போட்டிருந்தேன்.

"ஏலே காளிமுத்து, ஊர்ல நீ குடுத்த காத்து பாறைக்குப் போச்சு. பாறைக்கு மூக்கு கெடையாது. இங்க மனுசன் குடிக்கப் போறான்."

அத்தனை வருடம் கம்ப்ரசர் ஓட்டியும், அது எந்தக் காற்றை இழுக்கிறது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. அன்றிலிருந்து பைப்பை உயரமான மூங்கிலில் கட்டி, காற்று வரும் திசையில் நட்டுவைப்பேன். புகை மறுபக்கம் போய்விடும்.

2. மழை நாட்களில் கடல்

புயல் வந்தால் டைவிங் இல்லை. துறைமுகத்தில் கூண்டு ஏற்றிவிடுவார்கள், கப்பல் நிற்கும், படகைக் கரைமேல் இழுத்துப் போடுவோம். அதில் குழப்பமே கிடையாது. நின்ற வேலையை எப்போது மறுபடி தொடங்குவது என்பதில்தான் ஆட்கள் ஏமாந்துபோகிறார்கள்.

வானம் வெளுத்தவுடன் கடலும் வெளுத்துவிடாது. மழை நின்று இரண்டு மூன்று நாளானாலும் அடியில் மணல் கலங்கியே கிடக்கும். கையை நீட்டினால் விரல் தெரியாத தண்ணீரில் ஒருவரை ஒருவர் எப்படிப் பார்த்துக்கொள்வது? ஓடை வந்து கடலில் சேரும் இடத்தில் செம்மண் தண்ணீர் மேலாக மிதந்து நிற்கும். அதற்குக் கீழே பட்டப்பகலிலும் இருட்டுதான்.

அலை அடங்கினாலும் தூரத்துப் புயல் கிளப்பிவிட்ட நீரின் ஏற்ற இறக்கம் உள்ளே வந்துகொண்டே இருக்கும். மேலே தொட்டில் மாதிரி இதமாக ஆட்டும். பாறை ஓரத்தில் அதே ஆட்டம் ஆளைத் தூக்கிப் பவளப்பாறையில் தேய்த்துவிடும். சார் இதற்காக முதலில் தான் மட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இறங்கிப் பார்ப்பார். அவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டாமல் யாரும் தண்ணீரில் கால் வைக்க முடியாது. டைவிங்கில் கட்டைவிரலைத் தூக்கினால் மேலே போ என்று அர்த்தமாம். கரையில் இருக்கும் எங்களுக்கு அவர் ஊர் வழக்கப்படிதான் காட்டுவார்.

இதெல்லாம் சார் பார்க்கிற வேலை. காற்று மட்டும் என் வேலை.

3. அந்தக் காலை

இரண்டாவது வருடம், மழைக்காலத் தொடக்கத்தில் நாலு நாள் விடாமல் அடித்தது. கடையை ஒட்டிய அறையில் அப்பாவும் மகளுமாக இரண்டு பேர் மாட்டிக்கொண்டார்கள். அப்பா வேலுச்சாமி, பழனிப் பக்கம் கீரனூர்க்காரர், காய்கறி மண்டி வைத்திருப்பவர். மகள் கவிதா காலேஜ் முடித்ததும் கேட்ட ஒரே விஷயம் கடலுக்கடியில் மீன் பார்க்க வேண்டும் என்பதுதானாம். ஆறாம் நாள் அவர்களுக்குக் கப்பல்.

ஐந்தாம் நாள் விடியும்போது வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. சார் இறங்கிப் பார்த்துவிட்டு வந்து, "முக்குக்கு அந்தப் பக்கம் தெளிஞ்சு கெடக்கு. ஆறு சிலிண்டர் அடிச்சு வைலே" என்றார்.

மழைக்காலத்தில் எங்கள் கரைக்குக் காற்று தென்னந்தோப்பிலிருந்துதான் வரும். பைப் கட்டிய மூங்கிலும் தோப்புப் பக்கமே நின்றிருந்தது. அன்று நான் இன்ஜினை ஸ்டார்ட் செய்தபோது காற்றே இல்லை. நனைந்த என் சட்டையைத் தோப்பில் கொடியில் போட்டுவிட்டு, சிலிண்டரை ஒவ்வொன்றாக அடித்தேன். நாலு நாள் கழித்து வந்த வெயில். கடலைப் பார்த்துக்கொண்டே இரண்டு மணி நேரம் ஓடிவிட்டது. ஆறையும் படகில் ஏற்றிவிட்டு வந்து சட்டையை எடுத்து மாட்டினேன்.

சட்டை முழுக்க டீசல் புகை நாற்றம்.

நிமிர்ந்து பார்த்தேன். தென்னை ஓலைகள் உள்பக்கமாகச் சாய்ந்திருந்தன. புயல் கடந்ததும் காற்று திரும்பி, கடலிலிருந்து வந்துகொண்டிருந்தது. என் இன்ஜின் புகை நேராக மூங்கிலுக்குப் போயிருக்கிறது. எப்போது திரும்பியது, எந்த சிலிண்டரில் திரும்பியது, எனக்குத் தெரியவில்லை.

படகுக்காரர் மோட்டாரை ஸ்டார்ட் செய்யும் சத்தம் கேட்டது. இடுப்பளவு தண்ணீரில் ஓடி, படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பேச்சு வரவில்லை.

"என்னலே?" என்றார் சார்.

"சார்… காத்து…"

"காத்துக்கு என்ன? நல்லாத்தான அடிக்குது."

படகில் ஏறினேன். முதல் சிலிண்டரின் வால்வைத் திறந்துவிட்டேன். காற்று சீறிக்கொண்டு போனது.

"ஏலே, கிறுக்கா புடிச்சிருக்கு ஒனக்கு?"

இரண்டாவதையும் திறந்தேன். சார் என் கையைப் பிடித்தார். அப்போதுதான் வார்த்தை வந்தது. "காத்து திரும்பிருச்சு சார். நான் பாக்கல. பொகை உள்ள போயிருக்கும்."

சார் குனிந்து முகர்ந்தார். "வாசமே இல்லையே. பில்டர் புதுசு."

"வாசத்தத்தான் சார் பில்டர் புடிக்கும். பொகையில இருக்க வெசத்தப் புடிக்காதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"எத்தனாவது சிலிண்டர்ல திரும்புச்சு?"

"தெரியல சார்."

"தெரியலைன்னா எப்பிடிலே? அதச் சோதிக்கிற மீட்டரும் இங்க கெடையாது. இப்ப அம்புட்டையும் தொறந்துவிட்டா, திருப்பி அடிக்க ரெண்டு மணி நேரம். அதுக்குள்ள தண்ணி வத்தி படகு பாறையைத் தாண்டாது. அந்தப் புள்ளைக்கு நாளைக்குக் கப்பல்."

அவர் சொன்னது அத்தனையும் சரி. என்னிடம் காட்டுவதற்குச் சட்டையைத் தவிர எதுவும் இல்லை. அதைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, மூன்றாவது சிலிண்டரையும் திறந்தேன்.

கவிதா எழுந்துவிட்டாள். "அப்பா, இன்னிக்கு உட்டா இனி எப்பங்கப்பா? அஞ்சு நாளா செவுத்தையே பாத்துட்டு இருந்தனே!"

வேலுச்சாமி சாரிடம் சட்டையை வாங்கி முகர்ந்தார். "ஏனுங்க, இது இன்ஜின் பொகைதானுங்களே?" என்று என்னைக் கேட்டார். தலையாட்டினேன்.

"கண்ணு, எறங்கு" என்றார் மகளிடம். "நம்மூர்ல தண்ணி வத்தறப்ப ஆயில் இன்ஜினக் கெணத்துக்குள்ளயே எறக்கி வெப்பாங்க. எங்க பக்கத்துத் தோட்டத்துல ஒருத்தரு இன்ஜினப் பாக்கறேன்னு உள்ள போனாரு. நாலு பேரு சேந்து மேல தூக்குனோம். இருமல் கூட வல்லீங்க அவருக்கு. தூங்கற மாதிரியே இருந்தாரு." பிறகு சாரைப் பார்த்து, "நீங்க போறதுன்னா போங்க சார். எம் புள்ள எறங்காது."

 சார் குனிந்து ஆறாவது சிலிண்டரின் வால்வை அவரே திறந்தார். நாலையும் ஐந்தையும் நான் திறந்தேன். காற்று வேகமாக வெளியேறியதில் வால்வில் பனி படிந்து கை விறைத்துப்போனது. 

4. பிறகு

சாயங்காலம் தண்ணீர் ஏறியபோது காற்று பலமாகிவிட்டது. சார் கவிதாவை இடுப்பளவு தண்ணீருக்குக் கூட்டிப்போய்க் கண்ணாடியை மாட்டிவிட்டார். கலங்கல் தண்ணீரில் ஏதோ ஒரு கோடு போட்ட மீனைப் பார்த்தாளாம். என்னிடம் அவள் பேசவே இல்லை. அவள் கோபம் நியாயம்தான். காற்று திரும்பியதை நான் முதலிலேயே கவனித்திருந்தால் அவள் கடலுக்கடியில் போயிருப்பாள்.

மறுநாள் கப்பலேறும்போது வேலுச்சாமி, "தம்பி, ஊருக்கு வந்தா மண்டிக்கு வாங்க. பேசறதுக்கு ஒரு நாள் பூராவும் எடுத்துக்கலாமுங்க, அவசரமே இல்லீங்க" என்று சிரித்தார். சார் சிரிக்கவில்லை. இரண்டு நாள் என்னைக் கம்ப்ரசர் பக்கம் விடாமல் ரப்பர் உடுப்புகளை அலச வைத்தார். மூன்றாம் நாள் வந்து நின்றார்.

"ஏலே, தப்புப் பண்ணுனா இனிமே ஆள் படகுல ஏறுறதுக்கு முன்னாடி சொல்லு."

"சரி சார்."

"கம்ப்ரசர் ஷெட்டுக்குப் போ. ஒவ்வொரு சிலிண்டருக்கும் முன்னாடி வெளிய வந்து பொகை எங்கிட்டுப் போகுதுன்னு பாரு."

அதன்பின் வேலை பார்த்த இரண்டு வருடமும் அப்படியே செய்தேன். நீங்களும் செய்யுங்கள். புயல் நடக்கும்போது எல்லாரும் கவனமாகத்தான் இருப்பார்கள். அது முடிந்த மறுநாள், வெயிலைப் பார்த்த சந்தோஷத்தில், வாடிக்கையாளர் அவசரத்தில்தான் கண் ஏமாந்துபோகும்.

அந்த ஆறு சிலிண்டரிலும் விஷம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒருவேளை எல்லாமே நல்ல காற்றாகக்கூட இருந்திருக்கலாம். இதைப் பற்றி நிறைய நாள் யோசித்திருக்கிறேன். மறுபடி அப்படி நடந்தாலும் ஆறையும் திறந்துவிடுவேன். எனக்கே தெரியாத காற்றை இன்னொருவர் வாயில் நான் வைக்கமாட்டேன்.

2009 அக்டோபர் 18, ஞாயிற்றுக்கிழமை, தீபாவளிக்கு மறுநாள்.