பங்குனியில் லிண்டல்

ஏழைகளுக்கு வீட்டு மானியம் கொடுக்கும் ஆபீசில் இருப்பவனுக்கு சிமெண்டைவிட காலண்டர்தான் பெரிய தலைவலி. பட்ஜெட்டில் ஒதுக்கிய பணத்தை மார்ச் முடிவதற்குள் கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வந்த வழியே திரும்பிப் போய்விடும். மார்ச் மாதத்தில் அரசு ஆபீசில் குப்பை கொட்டியவர்களே, உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

தவணை

மானியத்தை மொத்தமாகக் கொடுக்க மாட்டோம். பேஸ்மட்டம் முடிந்தால் ஒரு தவணை, சுவர் லிண்டல் மட்டத்துக்கு, அதாவது வாசல், ஜன்னலுக்கு மேலே வரும் குறுக்கு உத்தரம் வரைக்கும் வந்தால் ஒன்று, மேல்தளம் போட்டால் ஒன்று. ஜூனியர் இன்ஜினியரான நான் போய் போட்டோ எடுத்தால்தான் பணம் நகரும். மண்டபத்தூரில் படகுக்காரர் ஒருவர் தன் வீட்டுப் பாதிச் சுவரில் குந்தியபடி, ஏன் இப்படிப் பிய்த்துப் பிய்த்துக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். பணம் வேறு செலவுக்குப் போய்விடக் கூடாது, புது பட்ஜெட் வந்ததும் அடுத்தது வந்துவிடும் என்று விளக்கினேன். அவர் கடலை ஒரு பார்வை பார்த்தார். "பட்ஜெட்டு மொதல்ல வருமா, கடலு மொதல்ல வருமா சார்?"

செல்வியின் மாதம்

குரும்பகரம் செல்விக்கு நடவு, களையெடுப்பு என்று கூலி வேலை. இருந்த கூரையைப் பிரித்து அதே இடத்தில் பேஸ்மட்டம் போட்டுவிட்டு, பக்கத்தில் தார்ப்பாய்க் கொட்டகையில் இருந்தார். மகள் கவிதாவுக்குத் தலைப்பிரசவம், ஆனியில் குழந்தை. மார்ச்சுக்குள் லிண்டல் தவணை கிடைத்தால் அதை வைத்துத் தளம் போட்டுவிடலாம். தவறினால் பச்சைப் பிள்ளையோடு கவிதாவும் தார்ப்பாய்க்கு அடியில்தான்.

ஆசாரி வாசல் நிலையை மாசிக்குள் கொண்டு வரவில்லை. பங்குனி பிறந்துவிட்டது. பங்குனியில் நிலை வைத்தால் வீட்டுக்கு ஆகாது, வைக்க மாட்டேன் என்று செல்வி ஒரே பிடியாக நின்றார். நிலை வைக்காமல் சுவரைத் தூக்க மாட்டேன் என்றார் கொத்தனார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மார்ச் முடிஞ்சா பணம் போச்சும்மா என்று கத்தியேவிட்டேன். செல்வி குரலை உயர்த்தவில்லை. "அரசாங்கத்துக்கு மார்ச்சுக்குள்ள முடியணும், எங்களுக்குப் பங்குனி முடியணும். ரெண்டுக்கும் நடுவுல எம் பொண்ணு நிக்கிது சார்."

ஜெயந்தி மேடம்

எங்கள் கணக்குப் பிரிவு சூப்பரின்டெண்ட் ஜெயந்தி மேடம், ஒரு கையெழுத்து விட்டுப்போனாலும் ஃபைலைத் திருப்பி அனுப்புகிற ஆள். வேறு வழியில்லாமல் அவரிடம் போய்ப் புலம்பினேன். விதியை எடுத்துப் படித்தார். சுவர் லிண்டல் மட்டத்துக்கு இருக்கணும்னுதானே இருக்கு, நிலை இருக்கணும்னு எங்க இருக்கு என்றார். வாசலுக்கு இடம் விட்டுக் கட்டி, மேலே லிண்டல் போட்டு, நிலையைச் சித்திரையில் வைக்கலாமே! டவுனில் தினமும் நான் பார்க்கிற வேலைதான், பதற்றத்தில் தோன்றவில்லை. மேஜை குறுக்கே இல்லையென்றால் அப்போதே அவர் காலில் விழுந்திருப்பேன்.

பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தேன். மேடம் சொன்னதைச் செல்வியிடம் சொன்னேன். செல்வி கொத்தனாரைப் பார்த்தார், பேஸ்மட்டத்தைப் பார்த்தார், யோசித்தார். "நிலை வைக்கிறவரைக்கும் அது வீடே இல்ல சார், வெறும் செவுரு. செவுத்துக்கு என்ன மாசம் வேண்டிக்கெடக்கு?"

போட்டோ

சுவர் மளமளவென்று எழும்பி லிண்டலும் போட்டாயிற்று. போட்டோவில் வீட்டுக்காரரும் நிற்க வேண்டும் என்பது சட்டம். பக்கச் சுவரோரம்தான் செல்வி நின்றார். முன்பக்க இடைவெளியில் கால் வைக்க மாட்டேன் என்றுவிட்டார். வாசல்ல வந்து நில்லுங்கம்மா என்று கெஞ்சிப் பார்த்தேன். "வாசலே இன்னும் வைக்கலியே சார், எங்க வந்து நிக்க?"

வளையல்

தவணை மார்ச்சிலேயே ஏறிவிட்டது. சித்திரையில் நிலை வைத்து, கையோடு தளமும் போட்டார்கள். வைகாசியில் புகுந்த வீட்டில் கவிதாவுக்கு வளைகாப்பு; அங்கிருந்து நேராகப் புது வீட்டுக்குத்தான் அழைத்து வந்தார்கள்.

மறுநாள் செல்வி தூக்கில் புளிசாதமும், கை நிறையக் கண்ணாடி வளையலுமாக ஆபீசுக்கு வந்தார். புளிசாதம் எனக்கு, வளையல் மேடத்துக்கு. கணக்குப் பிரிவைத் தேடி வந்து யாரும் நன்றி சொல்லி நான் பார்த்ததில்லை. நான் என்னம்மா செஞ்சேன், இருந்த ரூலைப் படிச்சேன், அவ்வளவுதானே என்றார் மேடம். செல்வி அவர் கையைப் பிடித்து வளையலை ஏற்றிக்கொண்டே சொன்னார்: "வாசல் இல்லாத வீட்டுல எம் பொண்ணுக்கு வழி விட்டது நீங்கதாம்மா."

பட்ஜெட் போடுகிறவர்கள் அடுத்த வருஷமும் மார்ச்சிலேயே முடிக்கட்டும், செல்விகள் பங்குனியை விட்டுக்கொடுக்காமல் இருக்கட்டும், நடுவில் ஒரு ஆள் நுழையுமளவு ஓட்டை விட மட்டும் எங்கள் மேடம் ரிட்டயர் ஆகாமல் இருக்கட்டும்.