ஜமுக்காளத்தில் உட்கார்ந்தவர்

எண்பதுகளில் தாராவியில் தோல் பைப் பட்டறை வைத்திருந்தேன். ஒரு லீவில் மனைவியையும் மகளையும் கப்பலில் கோவாவுக்குக் கூட்டிப் போனேன். ஏறுமுன் பம்பாயில் கேட்வே ஆஃப் இந்தியா, இறங்கியதும் பணஜியில் சர்ச், பீச், சந்தை என்று பட்டியலே போட்டிருந்தேன்.

கப்பல் மேல்தளத்தில் விரிப்பு போட்டவனுக்குத்தான் இடம். அதனால் எங்கள் ஜமுக்காளத்தைக் கூலிக்காரனிடம் கொடுத்து முன்னால் அனுப்பிவிட்டு, நிதானமாகக் கேட்வேயைச் சுற்றினோம். ஏறிப் பார்த்தால், அதன்மேல் யாரோ ஓர் ஒல்லி மனிதர் உட்கார்ந்திருந்தார்.

அவர் வாயைத் திறப்பதற்குள் சட்டையைப் பிடித்துத் தூக்கி முகத்தில் குத்தினேன். உதடு கிழிந்தது. விழுந்தவரை மிதித்தேன். மகள் அலறினாள்.

அவர் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, "தூஸ்ரே லோக் ஃபேங்க் ரஹே தே, பாய்" என்றார் இந்தியில். மற்றவர்கள் எங்கள் ஜமுக்காளத்தைச் சுருட்டி எறியப் பார்த்தார்களாம். நாங்கள் வரும்வரை இடம் போகாமலிருக்க அதில் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய படுக்கை படிக்கட்டோரம் கிடந்தது.

மறுநாள் பணஜியில் பட்டியல்படியே சுற்றினோம். முதல் சர்ச் வாசலிலேயே மகள் என் விரலை விட்டுவிட்டுக் கேட்டாள்.

"வாப்பா, இங்கனயும் யாரையாச்சும் அடிப்பியளா?"